முன் டயரில ஒட்டியிருந்த ரப்பர் இலை

எங்கட கேப்பில, அதான் பின்னால சாமான் ஏத்துற பிக்கப் வண்டியில, ரெண்டு லீவர் இருக்கு. பெரிசு கியருக்கு, அதின்ர குமிழில இருந்த நம்பரெல்லாம் கை பட்டுப் பட்டு அழிஞ்சு மொட்டையாப் போட்டுது. பக்கத்தில சின்னன் ஒண்டு, நாலு வீலையும் தள்ள வைக்கிறதுக்கு, தலையில எச்2, எச்4, என், எல்4 எண்டு எழுதியிருக்கும், அந்த எழுத்து எல்லாம் நேற்றுத்தான் அடிச்ச மாதிரிப் பளிச்செண்டு கிடக்கு. நாலு வருசமா நான் அதில செஞ்ச ஒரே வேலை மாஸ்க் கொழுவி வைச்சதுதான். மாமா கனடா போகேக்க தந்திட்டுப் போன 90களின்ர ஹைலக்ஸ், டபுள் கேப், டீசல், விக்க மனமில்லை, வித்தாலும் திரும்ப ஒண்டு வாங்கேலாது. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து இந்தக் கிழட்டு வண்டிகளுக்கு வந்த மவுசு உங்களுக்குத் தெரியும், 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்துவிட்ட பிறகும் வரியைக் கேட்டா நெஞ்சு அடைக்குது, அதால இதையே துடைச்சுத் துடைச்சு வைச்சிருக்கிறம்.

வெள்ளவத்தையில இப்பிடி ஒரு வண்டி வைச்சிருக்கிறதில ஒரு பிரச்சினை, கேள்வி கேப்பாங்கள். என்ர கூட்டாளி ஒருத்தன், மொன்டேரோ ஜீப் வைச்சிருக்கிறவன், எப்ப கண்டாலும் "காலி வீதியில பஸ்ஸுக்குப் பின்னால ஊர்ந்து போறதுக்கு ஃபோர் வீல் எதுக்கு மச்சான்" எண்டுவான். நான் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான், மழை வெள்ளம் வந்தா தெரியும் ஆர் வீட்டை போறது எண்டு. இந்தப் பதில் சுத்தப் பிழை எண்டு இப்ப தெரியும். தண்ணிக்குள்ள வண்டி நிக்கிறது வீலுக்குப் பிடி இல்லாததால மட்டும் இல்லை, காத்து இழுக்கிற வாய்க்குள்ள தண்ணி போனா எஞ்சினே முடிஞ்சுது, நாலு வீல் என்ன பதினெட்டு வீல் சுத்தினாலும் ஒண்டுதான். ஆனா அப்ப நான் அதை நம்பித்தான் சொன்னனான். வண்டிக்குள்ள ஒரு பெரிய பலம் ஒளிஞ்சு கிடக்கு, வேணுமெண்டா ஒரு லீவரை இழுத்தா அது எழும்பி வரும், அப்பிடித்தான் என்ர நினைப்பு.

போன வருசம் ஜூன் மாசம் அந்த நினைப்பு அவிசாவளைப் பக்கம் ஒரு சேத்துக்குள்ள இறங்கிட்டுது. அதை எழுதுவம் எண்டு நினைச்சு நினைச்சு விட்டிட்டன், வெக்கம் ஒரு பக்கம். ஆனா அந்த ஒரு பின்னேரம் மனசில கிடந்து அரிச்சுக்கொண்டே இருக்கு.

பத்து மூட்டை சீமெந்து

பெரியப்பாவுக்கு அங்க மூண்டு ஏக்கர் ரப்பர். ஷீட் காயப்போடுற ஸ்டோரின்ர நிலம் வெடிச்சுப் போட்டுது, சீமெந்து கொண்டு வாறியா எண்டு கேட்டவர். பத்து மூட்டை, ஒண்டு 50 கிலோ, அரை தொன். ரோட்டில இருந்து ஒரு மண் பாதை கீழ இறங்கும், ஓடையைத் தாண்டும், பிறகு ஒரு ஏத்தம், அதுக்கு மேலதான் ஸ்டோர். காலமையே மழை தூறிக்கொண்டுதான் இருந்தது, செம்மண் நனைஞ்சு பளபளவெண்டு கிடந்தது. நான் எச்2விலேயே போனன், அதாவது பின் வீல் ரெண்டு மட்டும் தள்ளுற சாதாரண ஓட்டம். ஒரு வழுக்கல் இல்லை, ஒரு இழுவை இல்லை, ஏத்தம் வடிவா ஏறிட்டுது. பெரியப்பா கைதட்டாத குறை. எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துப் போட்டுது எண்டதையும் சொல்லத்தான் வேணும்.

மூட்டை இறக்கி, தேத்தண்ணி குடிச்சு, பெரியப்பாவின்ர பழைய கதையெல்லாம் கேட்டு முடியேக்க மூண்டு மணி தாண்டிட்டுது. இதுக்கிடையில ஊத்தின மழையை நான் கணக்கெடுக்கேல்லை, அதைவிடப் பெரிய விசயம் ஒண்டையும் கணக்கெடுக்கேல்லை. கேப் எண்ட வண்டிக்குப் பாரம் எல்லாம் முன்னுக்கு, எஞ்சின் அங்க, ஆக்கள் இருக்கிறது அங்க, பின்னுக்கு வெறும் தகரப் பெட்டி. காலமை பின் வீல் மண்ணைப் பிடிச்சது என்ர ஓட்டத்தால இல்லை, அதுக்கு மேல குந்தியிருந்த அரை தொன் சீமெந்தால. அதை இறக்கின உடன வால் லேசாப் போட்டுது. ஓடையைத் தாண்டி ரோட்டுக்கு ஏறுற ஏத்தத்தில பாதி போயிருப்பன், பின்பக்கம் இடப்பக்கமா ஒரு வழுக்கு வழுக்கி, வீல் சும்மா சுத்தத் துவங்கிட்டுது.

பதறேல்லை எண்டு சொன்னா நம்புவீங்களா, உண்மையில சந்தோசப்பட்டன். நாலு வருசமாக் காத்திருந்த நேரம். மாஸ்க்கைக் கழட்டிப் பக்கத்து சீட்டில போட்டிட்டு, கிளச்சை மிதிச்சு, சின்ன லீவரை நாலு வீலும் தள்ளுற எச்4க்கு இழுத்தன். டாஷ்போர்டில பச்சை லைட் பத்திச்சு. வடிவான பச்சை. ஆக்சிலேட்டரை மிதிச்சன். எஞ்சின் கத்தினது, பின்னால சேறு எழும்பி கண்ணாடி முழுக்க அடிச்சது, வண்டி ஒரு சாண் கீழ இறங்கினது. திரும்ப மிதிச்சன், இன்னும் ஒரு சாண். சரி, இன்னுமொரு ஆயுதம் இருக்கே, ஸ்டியரிங்குக்குக் கீழ டிஃப் லொக் பட்டன், ரெண்டு பின் வீலையும் ஒண்டாச் சுத்த வைக்கிறது, அதையும் அமத்தினன். அதில ஒண்டுமே நடக்கேல்லை, ஒரு லைட் கூட வரேல்லை. பட்டன் பழுது எண்டு முடிவு கட்டி, வயரிங் பாத்தவனை மனசுக்குள்ள திட்டி, இன்னும் ரெண்டு தரம் மிதிச்சு, பின் அச்சு மண்ணில முட்டுற அளவுக்கு வண்டியை நானே தாட்டிட்டன்.

லைட் என்ன சொன்னது

பக்கத்துத் தோட்டத்தில பால் வெட்டுற அண்ணன் ஒருத்தர், மழைக்குத் தலையில பொலித்தீன் கட்டிக்கொண்டு, எவ்வளவு நேரமா அங்க நிண்டு பாத்தாரோ தெரியேல்லை. முந்தி எஸ்டேட்டில ட்ராக்டரும் லொறியும் ஓடினவராம், அது பிறகு தெரிஞ்சது. கிட்ட வந்து என்னோட ஒண்டும் கதைக்கேல்லை, குனிஞ்சு முன் வீலைப் பாத்தார், மற்றப் பக்கம் போய் அதையும் பாத்தார்.

"தம்பி, முன் சில்லு சுத்தவே இல்லைங்களே."

நான் பெருமையா, இல்லை அண்ணை ஃபோர் வீல் போட்டிருக்கிறன், லைட் எரியுது பாருங்கோ எண்டன். அவர் லைட்டைப் பாக்கேல்லை. முன் டயரைக் காட்டினார். அதில ஒரு ரப்பர் இலை, மூண்டு விரல் மாதிரிப் பிரிஞ்ச இலை, நனைஞ்சு அப்பிடியே ஒட்டிக்கொண்டு இருந்தது, டயரின்ர மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ. நான் பத்து நிமிசமா எஞ்சினைக் கிழிச்சிருக்கிறன், அந்த இலை இருந்த இடத்திலயே இருக்கு.

"ஹப்பு பூட்டுனீங்களா?"

அந்தக் கேள்விக்கு என்னட்டப் பதில் இல்லை, ஏனெண்டா கேள்வியே விளங்கேல்லை. அவர் விரலால வீலின்ர நடுவில இருந்த சேத்தை வழிச்சார். உள்ள ஒரு வட்டத் திருகு, சோடா மூடியை விடக் கொஞ்சம் பெரிசு, ஒரு பக்கம் ஃப்ரீ எண்டும் மற்றப் பக்கம் லொக் எண்டும் எழுதியிருக்கு. நாலு வருசமா நான் அதை ஒவ்வொரு ஞாயிறும் சோப் போட்டுக் கழுவியிருக்கிறன். அலங்காரம் எண்டு நினைச்சுக்கொண்டு.

பழைய வண்டிகளில வீலுக்கும் முன் அச்சுக்கும் இடையில இருக்கிற தொடுப்பைக் கையாலதான் போட வேணும். லீவரை இழுத்தா அதுக்குக் கீழ இருக்கிற கியர்ப் பெட்டிக்குள்ள மாறி, பலத்தை ரெண்டு முன் வீலுக்கும் பிரிச்சுக் குடுக்கிற முன் டிஃபரன்சல் வரைக்கும் எல்லாம் சுத்தும், அந்தப் பச்சை லைட் சொல்றதும் அவ்வளவுதான், கியர்ப் பெட்டிக்குள்ள மாறிட்டுது எண்டு. ஹப் ஃப்ரீயில இருந்தா அச்சு உள்ளுக்குத் தன்ர பாட்டில சுத்தும், வீலுக்கு ஒரு சேதியும் போகாது. லைட் பொய் சொல்லேல்லை. அது சொல்லாததையும் சேத்து நான் கேட்டுக்கொண்டன். இந்த இடம்தான் எனக்கு இண்டைக்கு வரைக்கும் மனசு ஆறேல்லை, ஏனெண்டா ஒரு ஜன்னலைத் திறந்து தலையை நீட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், வீல் சுத்துதா இல்லையா எண்டு பாக்க லைட் எதுக்கு, ஆனா நான் பத்து நிமிசமும் டாஷ்போர்டையேதான் பாத்துக்கொண்டு இருந்தனான்.

திருகு இறுகிப் போய்க் கிடந்தது. நான் டூல்ஸ் பையில இருந்து குறடு எடுத்தன், அவர் "அய்யோ கொறடு போடாதீங்க, ஒடைஞ்சா ரெண்டு மாசம் சாமான் தேடணும்" எண்டு பறிச்சிட்டார். தலையில கட்டின பொலித்தீனுக்குக் கீழ இருந்த துவாயை எடுத்து, திருகைச் சுத்திப் பிடிச்சு, என்னை வண்டியை ஒரு துளி முன்னுக்குப் பின்னுக்கு அசைக்கச் சொல்லி, அந்த அசைவில திருப்பினார். கிடுக் எண்டு ஒரு சின்னச் சத்தம். வலப்பக்கம் முடிய இடப்பக்கமும். ஒண்டு பூட்டி மற்றது விட்டா பிரியோசனம் இல்லை, பூட்டாத பக்கத்து அச்சு உள்ளுக்குச் சும்மா சுத்தும், பூட்டின வீல் பேசாம நிக்கும்.

பிறகு எல்4. அதுக்கு வண்டி நிண்டிருக்க வேணும், கிளச் முழுக்க உள்ள, லீவர் 'என்' எண்ட இடத்தைத் தாண்டி கடக்கெண்டு விழும். எல்4இல வண்டி ரெண்டு, ரெண்டரை மடங்கு மெதுவா ஓடும், அதே அளவுக்கு இழுவை கூடும். அப்பதான் இன்னொண்டு தெரிஞ்சது, என்ர டிஃப் லொக் பட்டன் பழுது இல்லை, எங்கட வண்டியில அது எல்4இல மட்டும்தான் வேலை செய்யும், கம்பனிக்காரன் வயரை அப்பிடித்தான் போட்டு விட்டிருக்கிறான், என்னை மாதிரி ஆக்களுக்காக. வயரிங்காரனிட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டன்.

பட்டனை அமத்தினன், ஒரு மஞ்சள் லைட் மினுங்கத் துவங்கினது. நான் கிளச்சை விடப் போக, "பொறுங்க, மினுங்குதுன்னா இன்னும் விழல, ஸ்டியரிங்க இப்புடி அப்புடி ஆட்டிக்கிட்டு மெதுவா நகத்துங்க" எண்டார். ஒரு முழம் பின்னால உருட்டினன், லைட் மினுக்கத்தை விட்டிட்டு நிண்டு எரிஞ்சது. "ரெண்டாவது கியரு. ஆக்சிலேட்டர்ல காலே வைக்காதீங்க." வைக்கேல்லை. கிளச்சை விட்டன், எஞ்சின் தன்ர பாட்டில குறுகுறுத்துக்கொண்டு இருக்க, வண்டி ஒரு சாண், ரெண்டு சாண், ஒரு ஆள் நடக்கிறதை விட மெதுவா, கத்தாம, சேறு அடிக்காம மேல ஏறினது. பக்கத்தில அவர் நடந்தே வந்தார். ரப்பர் இலை ஒரு சுத்துச் சுத்தி மண்ணுக்குள்ள போட்டுது.

மூண்டு கால் ஓட்டம்

மேல வந்து நிண்டு நான் கேட்டன், இவ்வளவு பலத்தை வைச்சுக்கொண்டு ஏன் அண்ணை எந்த நேரமும் டிஃப் லொக்கைப் போட்டே வைச்சிருக்கக்கூடாது எண்டு. அவர் சிரிச்சார். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் மீட்டில மூணு கால் ஓட்டம் ஓடியிருக்கீங்களா எண்டு கேட்டார். ஓடியிருக்கிறன், விழுந்தும் இருக்கிறன். "நேரா ஓடுனா பரவால்ல. வளைவுல என்னா ஆகும்? வெளிப்பக்கத்து ஆளு நிறைய தூரம் ஓடணும், உள்பக்கத்து ஆளு கொஞ்சம். காலக் கட்டிப்புட்டா ரெண்டு பேரும் விழ வேண்டியதுதான்."

டிஃபரன்சல் எண்ட சாமானே அந்தக் கட்டை அவிழ்த்து விடுறதுக்கு வந்ததுதான். 1820களில பெக்கர் எண்ட பிரெஞ்சுக்காரர், கடிகாரம் செய்யிறவர், நீராவி வண்டிக்கு அதைச் செஞ்சவர். வீட்டை வந்து வாசிக்க வாசிக்க இன்னொண்டும் பிடிபட்டது, நான் இவ்வளவு நாளும் எல்லாரையும் போல பிழையாச் சொல்லித் திரிஞ்சது. பவர் எல்லாம் சும்மா சுத்துற வீலுக்குத்தான் போகுது எண்டு சொல்லுவம் என்ன, அது அப்பிடி இல்லை. சாதாரண டிஃபரன்சல் ரெண்டு பக்கத்துக்கும் சரி பாதிப் பலம்தான் குடுக்கும், நேர்மையான சாமான். சேத்துக்குள்ள வழுக்கிற வீலைச் சுத்த ஒரு துளிப் பலம் காணும், அதால மற்றதுக்கும் அந்த ஒரு துளிதான் கிடைக்கும், நல்ல மண்ணில நிக்கிற வீல் அந்தத் துளியை வைச்சுக்கொண்டு வண்டியைத் தள்ளேலாம நிக்கும். நான் மிதிச்ச மிதி எல்லாம் ரெண்டு பக்கமும் சமமாப் பங்கு பிரிஞ்ச ஒண்டுமில்லாமை.

லொக்கைப் போட்டா ரெண்டு பின் வீலும் ஒண்டாத்தான் சுத்த வேணும். எச்4 போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒண்டாத்தான் சுத்த வேணும், எங்கட மாதிரி வண்டிகளில நடுவில டிஃபரன்சல் கிடையாது. அதாவது ஒவ்வொரு படியிலயும் நான் புதுசா ஒரு பலத்தைத் திறக்கேல்லை, வீல்களின்ர காலை ஒண்டோட ஒண்டு கட்டிக்கொண்டு போறன். எல்4இன்ர கியர் வேற கதை, அது உண்மையா இழுவையைக் கூட்டும். மற்றதெல்லாம் கட்டுறது. இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை, விக்கிறவையும் சொல்லுறேல்லை, விளம்பரத்தில வண்டி பாறைக்கு மேல பாயும், அவ்வளவுதான்.

ஷெட்டில நடந்தது

அவர் சொன்னது மூண்டு, டிஃப் லொக்கை இப்பவே எடுங்க, ரோட்டு ஏறினதும் எச்2, நிண்டு ஹப்பை ஃப்ரீக்கு விடுங்க. நான் முதலாவதைச் செஞ்சன். எல்4இல இருந்து எச்4க்கு வந்தன். அங்கேயே விட்டிட்டன், மழை பெய்யுது தானே, இருக்கட்டும் எண்டு. கையில ஆயிரம் ரூபா வைச்சன், வேண்டாம் தம்பி பெரியய்யா கோவிச்சுக்குவாரு எண்டு திருப்பித் தந்திட்டார்.

கொஸ்கம வரேக்க மழை இல்லை, ரோட்டு காய்ஞ்சு கிடந்தது. டீசல் அடிக்க ஒரு ஷெட்டுக்குள்ள திருப்பினன், முழு ஸ்டியரிங்கையும் ஒடிச்சு. முன்பக்கம் தத்தத் துவங்கிட்டுது. ஆரோ பிரேக்கைப் பிடிச்சு விட்டுப் பிடிச்சு விட்ட மாதிரி ஒவ்வொரு அடிக்கும் ஒரு குலுக்கு, டயர் சீமெந்தில கிறீச்செண்டு தேய, ஸ்டியரிங் கையோட மல்லுக்கட்டினது. சேத்தில பரவாயில்லை, திரும்பேக்க முன் வீல்கள் பின் வீல்களை விடக் கூடத் தூரம் ஓட வேணும், அந்த வித்தியாசத்தை வீல் கொஞ்சம் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ஞ்ச தாரில வழுக்காது. அந்த இறுக்கம் முழுக்க அச்சுக்குள்ளயும் கியர்ப் பல்லுக்குள்ளயும் முறுக்கேறிக் கிடக்கும். எச்2வுக்கு இழுத்தன், லீவர் அசையேல்லை. பின்னால ரெண்டு மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடிக்குது, பம்பில நிண்ட பெடியன் வாயைத் திறந்து பாக்கிறான். அப்பதான் யோசிச்சன், முறுக்கினதை அவிழ்க்க வேணுமெண்டா வந்த வழியே திரும்ப வேணும். ஸ்டியரிங்கை நேராக்கி நாலடி ரிவர்ஸ் வந்தன், உள்ளுக்குள்ள டொங்கெண்டு ஒரு சத்தம், லீவர் வெண்ணெய்க்குள்ள போன மாதிரி வந்திட்டுது.

மொன்டேரோக்காரனிட்ட இதைச் சொல்ல, அவன் "நான் ஹைவேயில ஃபோர் எச் போட்டே ஓடுறனான், ஒண்டும் ஆகேல்லையே" எண்டான். அவன்ர வண்டியில நடுவிலயும் ஒரு டிஃபரன்சல் இருக்கு, அதால அவனுக்கு அது ஓடும், எங்கட வண்டிக்கு ஓடாது. அதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம், ஒரு கொத்துரொட்டி, ரெண்டு நெக்டோ.

அடுத்த கிழமை ஹப் ரெண்டையும் கழட்டிக் குடுத்தன், உள்ள கிரீஸ் காய்ஞ்சு புளியங்கொட்டை மாதிரிக் கட்டியாக் கிடந்தது. மெக்கானிக் பாஸ் அதைச் சுரண்டிக் கழுவிப்போட்டு மெல்லிசாத் தடவினார், நிறையப் போட்டா உள்ளுக்கு இருக்கிறது வழுக்கி நகராதாம், திரும்பவும் இறுகுமாம். கஸ்கெட்டுக்கு பஞ்சிகாவத்தையில நாலு கடை ஏறி இறங்கினன், அஞ்சாவது கடையில கிடைச்சது. மாமா விட்டிட்டுப் போன மேனுவலையும் முதல் தரமாத் திறந்தன். மாதத்துக்கு 16 கிலோமீட்டராவது முன் அச்சு ஓட வேணும், அப்பதான் எண்ணெய் எல்லா இடமும் போகும் எண்டு கிடக்கு. தாரில எச்4 போடேலாது, ஆனா ஹப்பை மட்டும் பூட்டிப்போட்டு எச்2விலயே ஓடலாம், வீல் முன் அச்சைச் சுத்தும், முறுக்கு ஏறாது.

அதால மாதத்தில முதல் ஞாயிறு விடிய, ரோட்டு வெறிச்சோடிக் கிடக்கேக்க, ஃப்ளாட்டுக்குக் கீழ முன் வீலுக்குப் பக்கத்தில முழங்கால் போட்டு இருந்து திருகைத் திருப்புறன், பிறகு மரைன் டிரைவ் வழியா ஒரு ஓட்டம். போன மாசமும் அப்பிடிக் குந்தியிருக்க, முதலாம் மாடி அன்ரி பல்கனியில உடுப்புக் காயப்போட வந்தவ, எட்டிப் பாத்து, "என்ன தம்பி, காத்துப் போட்டுதோ" எண்டா.

"இல்லை அன்ரி, லொக் போடுறன்."

"ஐயோ, இஞ்சயும் கள்ளர் வாறவங்களே?"

"ஓம் அன்ரி" எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கத்து வீலுக்குப் போனன்.